எபிரேய வேதத்தின் பெண்கள் – 11: உல்தாளின் வாசலில் ஐந்து பேர்

அத்தாலியாள் எருசலேம் அரண்மனையின் குதிரை வாசலருகே வெட்டுண்டு விழுந்ததோடு சென்ற அத்தியாயம் முடிந்தது. யூதாவின் சிங்காசனத்தில் அமர்ந்து ஆண்ட ஒரே பெண் அவள். அவளுக்குப் பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல், இராஜாக்களின் புத்தகத்தில் யூதாவின் பெண்கள் பெரும்பாலும் ஒற்றை வரியில்தான் வருகிறார்கள். இந்த அரசனின் தாய் இன்னாள், அவள் இன்ன ஊர்க்காரரின் மகள் என்று எழுதிவிட்டுக் கதை அரசனின் பக்கம் திரும்பிவிடும். அந்த நீண்ட மௌனத்துக்குப் பிறகு, கி.மு. 622இல், எருசலேமின் ஒரு வீட்டு வாசலில் ஐந்து பெரிய மனிதர்கள் வந்து நிற்கிறார்கள். உள்ளே இருப்பவள் ஒரு பெண். கர்த்தரிடம் ஒரு கேள்வி கேட்டுவர அரசனே அவர்களை அனுப்பியிருக்கிறான்.

அந்த ஐவர் யார் என்று பார்த்தால்தான் அந்தக் கேள்வியின் கனம் புரியும். இல்க்கியா, பிரதான ஆசாரியர். தேவாலயத்தில் அவருக்கு மேல் யாரும் இல்லை. சாப்பான், அரசனின் சம்பிரதி. கணக்கு, கடிதம், ஆவணம் எல்லாம் அவர் கையில்தான். மூன்றாமவர் அகீக்காம், சாப்பானின் மகன். நான்காமவர் அக்போர், அரசவையில் செல்வாக்குள்ளவர். ஐந்தாமவர் அசாயா, அரசனின் ஊழியக்காரர் என்ற பதவிப் பெயர் கொண்டவர். இன்றைய பேச்சில் சொன்னால் தலைமைக் குரு, தலைமைச் செயலர், மூன்று மூத்த அதிகாரிகள். அரசன் இல்லாத நேரத்தில் யூதா நாட்டை நடத்தக்கூடிய அத்தனை பேரும் ஒரே வீட்டு வாசலில் நின்றார்கள்.

அந்த வீடு நகரத்தின் இரண்டாம் பகுதியில் இருந்தது என்று வேதம் குறிப்பிடுகிறது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. கி.மு. 722இல் வடக்கே இஸ்ரவேல் அரசு அசீரியரிடம் வீழ்ந்தது. அங்கிருந்து தப்பிய குடும்பங்கள் தெற்கே வந்து குவிந்தன. சாலொமோன் காலத்துச் சிறிய எருசலேம் அவர்களைத் தாங்காமல் மேற்குக் குன்றின் மீது பரவியது. எசேக்கியா அரசன் அந்தப் புதுக் குடியிருப்பையும் மதிலுக்குள் சேர்த்தான். 1970களில் பழைய நகரின் யூதர் பகுதியைத் தோண்டிய நகமான் அவிகாத், அந்த மதிலின் சுமார் 65 மீட்டர் நீளத்தை வெளியே கொண்டுவந்தார். ஏழு மீட்டர் அகலம். அவசரமாகக் கட்டியது என்பதற்கு அடையாளமாக, இடிக்கப்பட்ட வீட்டுச் சுவர்களின் மேலேயே அது ஓடுகிறது. உல்தாளின் வீடு அந்த மதிலுக்கு உட்புறம் எங்கோ இருந்திருக்கும் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

அவளைப் பற்றி வேதம் தரும் தனிச்செய்தி மிகக் குறைவு. பெயர் உல்தாள். கணவன் சல்லூம், அவனுடைய தந்தை, பாட்டன் பெயர்களும் உண்டு. வஸ்திரசாலையைக் கவனிப்பது அவனுடைய வேலை. அரசனின் உடைகளா, ஆசாரியரின் உடைகளா என்பதில் உரைகாரர்கள் ஒத்துப்போகவில்லை. எப்படியிருந்தாலும் அரண்மனைக்கோ ஆலயத்துக்கோ நாள்தோறும் போய்வரும் குடும்பம். இவற்றோடு, அவள் ஒரு தீர்க்கதரிசி. அவ்வளவுதான். அவள் எப்படி அழைக்கப்பட்டாள், முன்பு என்ன சொன்னாள், யார் அவளை நம்பினார்கள் என்ற விவரம் எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் ஐந்து பெரியவர்களும் யாரையும் விசாரிக்காமல் நேராக அவள் வீட்டுக்குப் போகிறார்கள். எருசலேமில் அவள் அதற்கு முன்பே பெயர்பெற்றிருந்தாள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி, அவர்களை அனுப்பியவனைப் பார்ப்போம்.

யோசியா எட்டு வயதில் அரசனானவன். அவன் பாட்டன் மனாசே ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆண்டு, அசீரியருக்குக் கப்பம் கட்டி நாட்டைக் காப்பாற்றினான். அசீரிய அரசன் எசரத்தோன் தன் கட்டடப் பணிக்குப் பொருள் அனுப்பிய சிற்றரசர்களின் பட்டியலில் மனாசேயின் பெயரையும் பொறித்திருக்கிறான். வேதம் எழுதியவர்கள் மனாசேயை மன்னிக்கவே இல்லை. ஆலயத்துக்குள் அந்நிய வழிபாட்டைக் கொண்டுவந்தவன், குற்றமற்ற இரத்தத்தை எருசலேம் நிறையச் சிந்தியவன் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. அவன் மகன் ஆமோன் இரண்டே ஆண்டுகள் ஆண்டான். சொந்த ஊழியக்காரர்களே அரண்மனையில் அவனைக் கொன்றார்கள். நாட்டு மக்கள் எழுந்து கொலைகாரர்களைக் கொன்று, சிறுவன் யோசியாவை அரசனாக்கினார்கள். அது கி.மு. 640. தந்தையின் கொலையோடு தொடங்கிய ஆட்சி அது. அவன் தாய் எதிதாள், போஸ்காத் என்ற சிற்றூரைச் சேர்ந்தவள். அந்தப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியதில் அவளுக்கு எவ்வளவு பங்கு என்பதை எவரும் எழுதிவைக்காதது எனக்குப் பெரிய குறையாகவே தெரிகிறது.

யோசியா வளர வளர அசீரியப் பேரரசு தளர்ந்தது. கி.மு. 626இல் பாபிலோன் தனியாகப் பிரிந்து நின்றது. யூதாவின் கழுத்திலிருந்த நுகம் இளகியது. அந்த இடைவெளியில்தான் இருபத்தாறு வயது யோசியா ஆலயத்தைப் பழுதுபார்க்க முனைந்தான். காணிக்கைப் பணத்தை எண்ணித் தச்சருக்கும் கொத்தருக்கும் கொடுக்கும்படி சாப்பானை அனுப்பினான். வேலைக்காரர்கள் நேர்மையானவர்கள் என்பதால் அவர்களிடம் கணக்குக் கேட்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தான். சாப்பான் போன இடத்தில் இல்க்கியா ஒரு செய்தி சொன்னார். கர்த்தருடைய ஆலயத்தில் நியாயப்பிரமாணப் புத்தகம் ஒன்று கிடைத்தது என்றார்.

சாப்பான் அதை வாசித்தார். பிறகு அரசனிடம் போனார். போனதும் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை. பணம் எண்ணிக் கொடுத்தாயிற்று என்று கணக்கை ஒப்பித்தார். அதற்குப் பிறகே, இல்க்கியா ஒரு புத்தகம் கொடுத்தார் என்று சொல்லி வாசிக்கத் தொடங்கினார். நெடுநாள் அரசுப் பணியில் பழகிய ஒருவரின் எச்சரிக்கை இது. கையிலிருப்பது எப்படிப்பட்ட செய்தி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாசித்து முடிந்ததும் யோசியா தன் உடையைக் கிழித்துக்கொண்டான்.

அது எந்தப் புத்தகம்? 1805இல் ஜெர்மானிய அறிஞர் டி வெட்டே, அது உபாகமத்தின் ஆதி வடிவம் என்று வாதிட்டார். எருசலேமுக்கு வெளியே பலியிடக்கூடாது, பஸ்காவை ஒரே இடத்தில் கொண்டாட வேண்டும் என்று யோசியா பிறகு செய்த காரியங்கள் உபாகமத்தோடு அப்படியே பொருந்துகின்றன. அன்றிலிருந்து இன்றுவரை பெரும்பாலான ஆய்வாளர்கள் இதையே ஏற்கிறார்கள். 1955இல் ஈராக்கின் நிம்ருத்தில் கிடைத்த களிமண் பலகைகள் இதற்கு வேறொரு வெளிச்சம் தந்தன. கி.மு. 672இல் எசரத்தோன் தன் மகன் அசூர்பானிபாலுக்கு விசுவாசமாக இருக்கும்படி கீழ்ப்பட்ட அரசர்களிடம் வாங்கிய சத்திய உடன்படிக்கை அது. 2009இல் துருக்கியின் டெல் தாயினாத்தில், ஒரு கோயிலுக்குள், அதே உடன்படிக்கையின் இன்னொரு பிரதி கிடைத்தது. உடன்படிக்கையை மீறினால் வரும் சாபங்களின் வரிசை அதில் நீளமாக உண்டு. தொழுநோய், பார்வையிழப்பு, மனைவியும் வீடும் பிறர் கையில் போவது, மழையற்ற வானம், முற்றுகையில் பெற்ற பிள்ளைகளையே தின்னும் பசி. உபாகமம் இருபத்தெட்டாம் அதிகாரத்தில் இதே சாபங்கள் நெருக்கமான வரிசையில் வருகின்றன. மனாசேயும் எசரத்தோனிடம் இப்படிச் சத்தியம் செய்திருக்க நிறைய வாய்ப்புண்டு. அந்த வீட்டில் பிறந்த யோசியாவுக்குச் சாப உடன்படிக்கை என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். இப்போது கையில் கிடைத்தது அசீரிய அரசனோடு செய்ததல்ல, கடவுளோடு செய்தது. தலைமுறை தலைமுறையாக மீறப்பட்டதும் அதுதான்.

புத்தகம் உண்மையில் கண்டெடுக்கப்பட்டதா, அல்லது இல்க்கியாவும் சாப்பானும் சேர்ந்து எழுதிவைத்து எடுத்தார்களா என்ற கேள்வி இருநூறு ஆண்டுகளாகக் கேட்கப்படுகிறது. ‘புனிதமான மோசடி’ என்று சொன்னவர்களும் உண்டு. என் எண்ணத்தில் அதற்கு அவசியமில்லை. பழைய எழுத்து கோயிலில் கிடைப்பதும், அதைக் கண்டு அரசன் நடுங்குவதும் பண்டைய மேற்காசியாவில் நடந்த காரியங்கள்தான். கி.மு. பதினான்காம் நூற்றாண்டில் ஹித்தியரின் அரசன் இரண்டாம் முர்சிலி, நாட்டை அழித்துவந்த கொள்ளைநோய்க்குக் காரணம் தேடியபோது பழைய பலகைகள் இரண்டு கிடைத்தன. ஒன்று கைவிடப்பட்ட ஒரு பலியைப் பற்றியது. மற்றொன்று எகிப்தோடு செய்து, மீறப்பட்ட உடன்படிக்கை. கிடைத்த உடனே அவன் அதை நம்பிவிடவில்லை. தெய்வ வாக்குக் கேட்டு உறுதி செய்துகொண்ட பின்பே பரிகாரத்தில் இறங்கினான்.

யோசியா செய்ததும் இதுதான். கிடைத்த புத்தகத்தைப் பற்றிக் கர்த்தரிடம் விசாரித்துவர அந்த ஐவரையும் அனுப்பினான். இங்கேதான் உல்தாளின் இடம் எவ்வளவு பெரிது என்பது தெரிகிறது. யூப்ரடீஸ் நதிக்கரையில் இருந்த மாரி நகரில் கி.மு. பதினெட்டாம் நூற்றாண்டுக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ஆணும் பெண்ணும் சொன்ன தெய்வவாக்குகள் அவற்றில் அரசனுக்கு அனுப்பப்படுகின்றன. பல கடிதங்களோடு, வாக்குச் சொன்னவரின் தலைமுடியும் ஆடையின் ஓரமும் சேர்த்து அனுப்பப்பட்டன. அரண்மனையில் இருக்கும் குறிபார்ப்போர் ஆட்டின் ஈரலைப் பார்த்து, அந்த வாக்கு மெய்தானா என்று சோதிப்பார்கள். அங்கே தீர்க்கதரிசியின் சொல்லைச் சோதிக்க வேறொருவர் தேவைப்பட்டார். எருசலேமில் தலைகீழாக நடந்தது. புத்தகம் சோதிக்கப்பட வேண்டியதாக இருந்தது. அதைச் சோதித்து மெய்யென்று சொல்லும் இடத்தில் உல்தாள் இருந்தாள். அவளுடைய முடியை யாரும் கேட்கவில்லை. அவள் சொல்லுக்கு மேல் இன்னொரு சாட்சி தேடப்படவும் இல்லை.

இதை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். எழுதப்பட்ட ஒரு சுருளை முன்வைத்து, இது கடவுளின் சொல்தான், இதன்படி நாடு நியாயந்தீர்க்கப்படும் என்று பொறுப்பேற்றுச் சொன்னதாக எபிரேய வேதம் காட்டும் முதல் ஆள் உல்தாள். பிற்காலத்தில் யூதரும் கிறிஸ்தவரும் எந்த நூல்கள் வேதம், எந்த நூல்கள் வேதமல்ல என்று பல நூற்றாண்டுகள் விவாதித்தார்கள். அந்த நீண்ட வேலையின் முதல் தீர்ப்பு ஒரு பெண்ணின் வாயிலிருந்து, அவள் வீட்டில் வைத்து வந்தது.

அவள் என்ன பதில் சொன்னாள்? அதில் இரண்டு பகுதிகள். முதல் பகுதி நாட்டுக்கு. புத்தகத்தில் எழுதியிருக்கும் தண்டனை எல்லாம் இந்த இடத்தின் மேலும் இதன் குடிகளின் மேலும் வரும். மூண்ட கோபம் அணையாது. தப்பிக்க வழி எதுவும் அவள் சொல்லவில்லை, நிபந்தனையும் வைக்கவில்லை. இரண்டாம் பகுதி அரசனுக்கு. அவன் மனம் இளகியது, அழுதான், உடையைக் கிழித்துக்கொண்டான். ஆகையால் அவன் சமாதானத்தோடு தன் கல்லறையில் சேர்க்கப்படுவான், வரப்போகும் அழிவை அவன் கண்கள் பார்க்காது. இதைச் சொல்லும்போது கர்த்தர் இப்படிச் சொல்லுகிறார் என்று மூன்று முறை அழுத்துகிறாள். தொடக்கத்தில் யோசியாவை அரசன் என்று குறிப்பிடாமல், உங்களை அனுப்பிய மனிதன் என்கிறாள். பிற்பகுதியில் யூதாவின் அரசன் என்ற பட்டம் வருகிறது. முதலில் அவன் கடவுளுக்கு முன் நிற்கும் ஒரு மனிதன், அதன் பிறகே அரசன். ஐந்து பெரியவர்களில் ஒருவரும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. கேட்டதை அப்படியே கொண்டுபோய் அரசனிடம் ஒப்புவித்தார்கள்.

அவர்களுக்கு இருந்த தெளிவு பின்வந்தவர்களுக்கு இல்லை. எரேமியா அப்போது ஐந்து ஆண்டுகளாகத் தீர்க்கதரிசனம் சொல்லிவந்தார். அவருடைய ஊரான ஆனதோத் எருசலேமிலிருந்து ஒரு மணி நேர நடை. செப்பனியாவும் யோசியாவின் காலத்தவர்தான். அவர்களை விட்டு ஒரு பெண்ணிடம் ஏன் போனார்கள் என்று யூத ரபிகளின் தொகுப்பான தல்மூத் கேட்கிறது. அது தரும் விடைகள் பல. எரேமியா உல்தாளின் உறவினர் என்பதால் தவறாக நினைக்க மாட்டார் என்று ஒன்று. பெண்கள் இரக்கமுள்ளவர்கள், கடுமையான வாக்கை மென்மையாக்குவாள் என்று அரசன் நினைத்தான் என்று இன்னொன்று. எரேமியா அன்று ஊரிலேயே இல்லை, சிதறிப்போன பத்துக் கோத்திரங்களைத் திரும்ப அழைத்துவரப் போயிருந்தார் என்று மூன்றாவது. அரசனை ‘மனிதன்’ என்று சொன்னது அகந்தை என்று ரபி நக்மான் குறைசொல்லியதும் அங்கேயே பதிவாகியிருக்கிறது.

இந்த விடைகளை எழுதியவர்களை நான் இழிவாக நினைக்கவில்லை. அவர்கள்தான் சாராள், மிரியாம், தெபொராள், அன்னாள், அபிகாயில், உல்தாள், எஸ்தர் என்று ஏழு பெண் தீர்க்கதரிசிகளைப் பட்டியலிட்டு மதித்தவர்கள். எரிகோவின் ராகாப் யோசுவாவை மணந்த வழியில் வந்தவள் உல்தாள் என்று அவளுக்கு வம்சம் தேடிக்கொடுத்தவர்களும் அவர்களே. ஆனாலும் அவர்களுடைய கேள்வியே இராஜாக்களின் புத்தகத்துக்கு அந்நியமானது. அந்தப் புத்தகம் காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அதற்குத் தோன்றவும் இல்லை. இரக்கத்தை எதிர்பார்த்துப் போனார்கள் என்ற விடையை அவளுடைய வாக்கே பொய்யாக்குகிறது. எரேமியா சொல்லியிருந்தாலும் அதைவிடக் கடுமையாகச் சொல்லியிருக்க முடியாது. அவளிடம் போனதற்குக் காரணம் அவள் அந்த நகரத்தின் தீர்க்கதரிசி என்பதே. வேறு சமாதானம் தேவையில்லை.

யோசியா சும்மா இருக்கவில்லை. அழிவு உறுதி என்று கேட்ட பிறகும் மக்களைக் கூட்டினான், ஆலயத்தின் தூணருகே நின்று புத்தகத்தை வாசித்தான், உடன்படிக்கை செய்தான். நாளாகமம் இந்தச் சுத்திகரிப்பை ஆறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவைக்கிறது. இராஜாக்களின் புத்தகம் எல்லாவற்றையும் உல்தாளின் வாக்குக்குப் பின் வைக்கிறது. அஷேராவின் சிலையை ஆலயத்திலிருந்து எடுத்துக் கீதரோன் பள்ளத்தாக்கில் எரித்தார்கள். சூரியனுக்கென்று வைக்கப்பட்ட குதிரைகளை அகற்றினார்கள். இன்னோம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளைத் தீயில் கடக்கச் செய்த தோப்பேத்தை அசுத்தமாக்கினார்கள். வடக்கே பெத்தேல் வரை போய்ப் பலிபீடத்தை இடித்தார்கள்.

இந்தப் பட்டியலின் நடுவே ஒரு சிறு விவரம் இருக்கிறது. ஆலய வளாகத்தில் இருந்த சில வீடுகளை இடித்தார்கள். அங்கே பெண்கள் அஷேராவுக்குத் துணி நெய்துகொண்டிருந்தார்கள். ஒருபுறம் ஆலயத்தின் அல்லது அரண்மனையின் உடைகளைக் காக்கும் வீட்டுப் பெண், மறுபுறம் அதே நகரத்தில் தேவிக்குத் துணி நெய்யும் பெண்கள். உல்தாளின் சொல் அவர்களுடைய தறியை நிறுத்தியது. அஷேரா அன்னிய தேவி மட்டும் அல்ல. சீனாய் பாலைவனத்தின் குந்திலெத் அஜ்ருத்தில் 1975, 76ஆம் ஆண்டுகளில் கிடைத்த எழுத்துகளில், இஸ்ரவேலின் கடவுளின் பெயரோடு அஷேராவின் பெயரும் சேர்த்தே ஆசி கூறப்பட்டிருக்கிறது. யூதாவின் வீடுகளைத் தோண்டிய இடமெல்லாம் மார்பைக் கைகளால் தாங்கிய சிறு பெண் உருவங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பிள்ளைப்பேற்றுக்கும் பாலுக்கும் வேண்டிக்கொண்டு பெண்கள் வைத்திருந்தவை என்றே பலர் கருதுகிறார்கள். அந்த வழிபாட்டைத் தடைசெய்த சீர்திருத்தம் யாரை அதிகம் தொட்டிருக்கும்?

எரேமியாவின் புத்தகம் நாற்பத்து நான்காம் அதிகாரத்தில் அந்தப் பெண்களின் குரல் நேரடியாகக் கேட்கிறது. எருசலேம் அழிந்த பின் எகிப்துக்கு ஓடிப்போனவர்கள் அவர்கள். வானராணிக்குத் தூபங்காட்டுவதை நிறுத்திய நாள் முதல்தான் எங்களுக்குக் குறைவும் வாளும் பஞ்சமும் வந்தன என்று எரேமியாவின் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். உல்தாளை மதிக்கும் எவரும் இந்தப் பெண்களையும் கேட்கத்தான் வேண்டும். எபிரேய வேதத்தின் பெண்கள் எல்லாரும் ஒரே பக்கம் நின்றவர்கள் இல்லை. தோப்பேத்தில் குழந்தைகள் எரிந்தது நின்றதற்கும், தேவியின் தறி நின்றதற்கும் ஒரே சீர்திருத்தம்தான் காரணம். இரண்டையும் ஒன்றாக எடைபோட எனக்கு மனமில்லை. முதலாவதற்காக உல்தாளின் பக்கமே நிற்பேன். ஆனால் இரண்டாவதை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

யோசியாவின் முடிவுக்கு வருவோம். கி.மு. 612இல் நினிவே வீழ்ந்தது. மிஞ்சிய அசீரியப் படைக்கு உதவ, 609இல் எகிப்தின் பார்வோன் நேகோ வடக்கே யூப்ரடீஸ் நோக்கிப் புறப்பட்டான். யோசியா மெகிதோவில் அவனுக்கு எதிரே போனான். அங்கேயே அவன் கதை முடிந்தது. நேகோ அவனைக் கண்டதும் கொன்றான் என்று இராஜாக்கள் ஒரே வரியில் முடிக்கிறது. வில்வீரர் எய்த அம்பு பட்டு, எருசலேமுக்குக் கொண்டுவரப்பட்டு இறந்தான் என்கிறது நாளாகமம். வயது முப்பத்தொன்பது. சமாதானத்தோடு கல்லறையில் சேர்க்கப்படுவான் என்று உல்தாள் சொன்னது என்ன ஆயிற்று?

உரைகாரர்கள் இதற்கு விளக்கம் சொல்ல நிறைய முயன்றிருக்கிறார்கள். தன் சொந்தக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டான், எருசலேமின் அழிவைக் காணவில்லை, ஆகையால் வாக்கு நிறைவேறியது என்பார்கள். பாதி சரி. ஆனால் நேராகப் படிக்கும் எவருக்கும் அந்த முரண் உறுத்தும். எனக்கு அதுவே இந்தக் கதையின் மேல் நம்பிக்கை தருகிறது. உல்தாளின் வாக்கு மெகிதோவுக்குப் பின் யாரோ கற்பித்து எழுதியதாக இருந்தால், சமாதானம் என்ற சொல்லை அங்கே வைத்திருக்க மாட்டார்கள். நடந்ததற்கு ஏற்றபடி திருத்துவது எளிது. திருத்தவில்லை. அவள் சொன்னபடியே விட்டு, இறந்தபடியே மரணத்தையும் எழுதி, இரண்டையும் ஒரே அதிகார வரிசையில் வைத்தார்கள். தீர்க்கதரிசியின் சொல்லைத் தொட அஞ்சிய கைகள் அவை.

நாட்டைப் பற்றி அவள் சொன்னதில் எந்த முரணும் இல்லை. கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமைக் கொளுத்தினார்கள். அந்தத் தீயே அவளுடைய காலத்தவரின் பெயர்களை நமக்குச் சுட்டுக் காத்துக் கொடுத்தது. 1982இல் தாவீதின் நகரில் அகழாய்வு செய்த யிகால் ஷிலோ, எரிந்த ஒரு கட்டடத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட முத்திரைக் களிமண் வில்லைகளைக் கண்டார். ஆவணச் சுருள்களைக் கட்டி முத்திரையிட்ட களிமண் அது. சுருள்கள் சாம்பலாயின, களிமண் வெந்து கல்லானது. ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியாவின் பெயர். இன்னொன்றில் இல்க்கியாவின் மகன் அசரியாவின் பெயர். 2019இல், அதே பகுதியில் கிவாத்தி வாகன நிறுத்துமிட அகழாய்விலிருந்து அரசனின் ஊழியக்காரன் நாத்தான்மெலெக் என்ற முத்திரை வெளியிடப்பட்டது. சூரியக் குதிரைகள் நின்ற இடத்துக்கு அருகே அறை வைத்திருந்த அதிகாரியாக யோசியாவின் கதையில் வரும் பெயர் அது. உல்தாளின் முத்திரை எதுவும் இல்லை. ஆனால் பெண்களுக்குச் சொந்த முத்திரை இருந்தது. 2016இல் அதே கிவாத்தி அகழாய்விலிருந்து காயேலின் மகள் எலிகானா என்று பொறித்த கல் முத்திரை வெளியிடப்பட்டது. கணவன் பெயர் அதில் இல்லை. சொத்தும் கையொப்பமும் உள்ள பெண்கள் அந்த நகரத்தில் வாழ்ந்தார்கள்.

அன்று உல்தாளின் வாசலில் நின்றவர்களின் வீடுகளைப் பின்தொடர்ந்து பார்ப்பது பயனுள்ளது. யோசியாவின் மகன் யோயாக்கீம், எரேமியாவின் சுருளைப் பத்தி பத்தியாகக் கத்தியால் அறுத்துக் கணப்புத் தீயில் போட்டான். தகப்பன் புத்தகத்தைக் கேட்டு உடையைக் கிழித்த அதே நகரத்தில் இது நடந்தது. எரிக்க வேண்டாம் என்று கெஞ்சியவர்களில் சாப்பானின் மகன் கெமரியா ஒருவர், அக்போரின் மகன் எல்நாத்தான் இன்னொருவர். கும்பல் எரேமியாவைக் கொல்லப் பார்த்தபோது தடுத்துக் காப்பாற்றியவர், ஐவரில் ஒருவரான அகீக்காம். அகீக்காமின் மகன் கெதலியா அழிவுக்குப் பின் எஞ்சிய மக்களுக்கு ஆளுநரானார். அவர் கொலையுண்டதை நினைத்து யூதர்கள் இன்றும் ஆண்டுதோறும் ஒரு நாள் உபவாசம் இருக்கிறார்கள். இல்க்கியாவின் பேரன் செராயாவை நேபுகாத்நேச்சார் ரிப்லாவில் கொன்றான். அதே வம்சத்தில் வந்த எஸ்றாதான் பாபிலோனிலிருந்து திரும்பி, எருசலேமில் நியாயப்பிரமாணத்தை மக்களுக்கு வாசித்தவர். உல்தாள் மெய்யென்று சொன்ன புத்தகத்தை எரியாமல் கடத்திக் கொண்டுவந்தவை இந்தக் குடும்பங்கள்.

உல்தாளை நகரம் மறக்கவில்லை. ஏரோது கட்டிய ஆலயத்தின் தெற்கு மதிலில் இரண்டு வாசல்களை ரபிகளின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னா உல்தாள் வாசல்கள் என்றே அழைக்கிறது. அடைக்கப்பட்ட அந்த வாசல்களின் அடையாளத்தை இன்றும் தெற்கு மதிலில் பார்க்கலாம். ஏறிவரும் அகன்ற படிகளை 1968 முதல் பெஞ்சமின் மசார் தோண்டி வெளிப்படுத்தினார். எருசலேமுக்குள் அசைக்கப்படாமல் விடப்பட்ட கல்லறைகள் தாவீதின் வீட்டாருடையவையும் உல்தாளுடையதும் மட்டுமே என்று மிஷ்னாவின் துணைத் தொகுப்பான தொசெப்தா சொல்கிறது. ஒலிவ மலையில் ஒரு குகைக் கல்லறை உண்டு. யூதர் அதை உல்தாளின் கல்லறை என்றும், கிறிஸ்தவர் புனித பெலாகியாவினது என்றும், முஸ்லிம்கள் ராபியா அல் அதவிய்யாவினது என்றும் போற்றுகிறார்கள். மூன்று மதத்தாரும் அங்கே தேடுவது கடவுளோடு பேசிய ஒரு பெண்ணைத்தான்.

நம் தேவாலயங்களில் தெபொராளையும் எஸ்தரையும் பற்றி நிறையப் பிரசங்கங்கள் கேட்டிருப்போம். உல்தாளைப் பற்றி அரிதாகவே கேட்கிறோம். இரண்டாம் இராஜாக்கள் இருபத்திரண்டாம் அதிகாரம் இருபதே வசனங்கள். இந்த வாரம் அதை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்த அத்தியாயம் நெகுஸ்தாளைப் பற்றியது. கி.மு. 597இல் தன் மகன் யோயாக்கீனோடு கோட்டை வாசலுக்கு வெளியே வந்து பாபிலோன் அரசனிடம் சரணடைந்த ராஜமாதா அவள். எருசலேமைச் சேர்ந்த எல்நாத்தானின் மகள் என்று வேதம் அவளைக் குறிப்பிடுகிறது. அந்த எல்நாத்தான் அக்போரின் மகன்தான் என்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால், உல்தாளின் வாசலில் நின்றவர்களில் ஒருவருடைய பேத்தி அவள்.

(தொடரும்)